எண்ணுமுன் எண்ணுவோம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

காரியதரிசி அவர்கள் என்னை அழைத்தபோது, இளைஞருக்குப் பிரயோசனமான ஒரு விஷயத்தைப் பேசவேண்டும் என்றும், ஆனால் பெரியவர்கள் இடையில் எழுந்து போகாதபடி பேசவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். இரண்டும் சேர்ந்த காரியம் இலகுவானதன்று. ஆயினும் ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. கணினியில் சேர்த்துவைத்த பதிவுகளிடம் கேள்வி கேட்பதும், அவற்றைப் பிழையின்றி எண்ணுவதும் எப்படி என்பதே அது. அதற்கென உலகெங்கும் வழங்கும் ஒரு மொழி உண்டு. அதன் பெயர் எஸ்.கியூ.எல். பெயரைக் கேட்டுப் பெரியவர்கள் அஞ்சவேண்டியதில்லை. பாடசாலையில் வரவு இடாப்புக் கூப்பிட்டவர்களும், சங்கத்தில் சந்தாக் கணக்கு எழுதியவர்களும், கடையில் கொப்பி வைத்துக் கடன் கொடுத்தவர்களும் இதிற் பாதியை முன்னரே அறிவார்கள்.

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய மரபு நம்முடையது. அம்மரபு நமக்கு ஓர் அருமையான சொல்லையும் தந்திருக்கிறது. 'எண்ணுதல்' என்றால் கணக்கிடுதல். 'எண்ணுதல்' என்றாற் சிந்தித்தல். ஒரே சொல், இரண்டு பொருள். முதலாவதைக் கணினி நம்மிலும் விரைவாகச் செய்யும். இரண்டாவதை அது செய்யாது. அதை நாமே செய்யவேண்டும். இன்று நான் சொல்ல வந்ததெல்லாம் இவ்வளவுதான். இதனை நான் புத்தகத்திற் படித்து அறிந்தேனல்லேன். ஒரு சபையில் வெட்கப்பட்டு அறிந்தேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு சனசமூக நிலையத்தின் வாசிகசாலைக்கு நான் பொறுப்பாக இருந்தேன். இரவல் இடாப்பைக் கணினியில் ஏற்றியவனும் நானே. ஆண்டுப் பொதுக்கூட்டம் வந்தது. பதிவுகளை எண்ணும்படி கணினிக்கு ஆணையிட்டேன். அது ஒரு தொகையைத் தந்தது. அதை அப்படியே எடுத்து, "இவ்வாண்டு எமது வாசிகசாலையால் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் பயனடைந்தனர்" என்று அறிக்கையில் எழுதி, மேடையில் வாசித்தும் விட்டேன். கைதட்டு அடங்கியதும் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "தம்பி, எங்கடை ஊரிலை சின்னஞ்சிறுசு எல்லாம் சேர்த்தாலும் ஆயிரத்தைந்நூறு பேர் வராதே. மிச்சப்பேர் எங்கையிருந்து வந்தவை?" என்றார். சபை சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் முகம் சிவந்துவிட்டது.

நான் எண்ணியது மனிதரையன்று, இரவல்களை. ஒரு பிள்ளை நாற்பது முறை புத்தகம் எடுத்தால் இடாப்பில் நாற்பது வரிகள். கணினி வரிகளை எண்ணியது. நான் மனிதர் என்று வாசித்தேன். கணினி பிழை செய்யவில்லை. நான் கேட்ட கேள்விக்குச் சரியான விடை தந்தது. நான்தான் வேறு கேள்வி கேட்டதாக நினைத்துக்கொண்டேன்.

கூட்டம் கலைந்தபின் இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். அவர் சிரிக்கவில்லை. "எடுத்தவையைப் பற்றிச் சொன்னீர், சரி. ஒரு புத்தகமும் எடுக்காத பிள்ளையள் எத்தனை பேர் எண்டு எண்ணிப் பாத்தீரோ தம்பி?" என்று கேட்டார். அன்று அவருக்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை. அந்த விடையைத் தேடப் போய்த்தான் இம்மொழியை ஒழுங்காகக் கற்றேன். நீங்களும் அவ்வழியே என்னுடன் சற்று நடந்து வாருங்கள்.

இம்மொழி பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்னாளிற் கணினியிலிருந்து ஒரு பதிவை எடுக்கவேண்டுமானால், அது எங்கே கிடக்கிறது, எந்த வழியாற் சென்று அடையலாம் என்பதையெல்லாம் ஆணை எழுதுபவரே படிப்படியாகச் சொல்லவேண்டும். அலுமாரியின் திறப்பு, தட்டின் இலக்கம், கட்டின் நிறம் யாவும் அறிந்த லிகிதர் ஒருவரே கோவையை எடுக்க முடியும் என்ற நிலை அது. 1970ஆம் ஆண்டில் எட்கர் கொட் என்பவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். இவர் இங்கிலாந்திற் பிறந்தவர். இரண்டாம் உலக யுத்தத்தில் விமானமோட்டியாயிருந்தவர். பின்னர் அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பனியின் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்தவர். எல்லா விபரங்களையும் நிரை, நிரல் கொண்ட அட்டவணைகளாகவே வைத்துக்கொள்ளலாம். கேட்பவர் தமக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் சொன்னாற் போதும். அதை எடுக்கும் வழியைக் கணினியே பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர் கருத்து.

அதே கம்பனியைச் சேர்ந்த டொனால்ட் சேம்பர்லின், றேமண்ட் பொய்ஸ் என்னும் இருவர் அக்கருத்துக்கு ஏற்ற ஒரு கேள்வி மொழியை 1974இல் வெளியிட்டார்கள். கணினித் தொழில் பயிலாதவர்களும் கேள்வி கேட்கக்கூடியதாய் இருக்கவேண்டும் என்பது அவர்கள் நோக்கம். பொய்ஸ் அவ்வாண்டிலேயே இளவயதிற் காலமானார். 'சீக்குவெல்' என்று அவர்கள் இட்ட பெயர் வேறொரு கம்பனி பதிவுசெய்த பெயராய் இருந்தமையால், பின்னர் எஸ்.கியூ.எல். எனக் குறுகியது. 1986இல் அமெரிக்காவிலும் 1987இல் சர்வதேச ரீதியிலும் அது நியம மொழியாக ஏற்கப்பட்டது. ஐம்பது வருடங்களுக்குப் பின்னும் அதன் அடிப்படை மாறவில்லை. கணினி உலகில் இவ்வளவு காலம் நிலைத்த பொருள்கள் மிகச் சிலவே. ஆதலால், இளைஞர்களே, இதைக் கற்பதிற் செலவிடும் நேரம் வீண்போகாது.

இனி ஒரு சிறு இடாப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 'இரவல்' என்பது அதன் பெயர். அதில் மூன்று நிரல்கள்: தொடர் இலக்கம், அங்கத்தவர் இலக்கம், திருப்பிய திகதி. எட்டு நிரைகள்.

1 – அங்கத்தவர் 4 – தை 12
2 – அங்கத்தவர் 7 – தை 15
3 – அங்கத்தவர் 4 – தை 20
4 – அங்கத்தவர் 9 – (வெறுமை)
5 – அங்கத்தவர் 4 – தை 28
6 – அங்கத்தவர் 7 – (வெறுமை)
7 – அங்கத்தவர் 2 – மாசி 3
8 – அங்கத்தவர் 4 – (வெறுமை)

வெறுமையாய் இருப்பவை இன்னும் திரும்பி வராத புத்தகங்கள். இதனிடம் நாம் கேட்கும் முதற் கேள்வி இது:

செலெக்ற் கவுண்ற்(*) பிறம் இரவல்;

'செலெக்ற்' என்றால் எடுத்துத் தா. 'கவுண்ற்' என்றால் எண்ணு. 'பிறம்' என்றால் இதிலிருந்து. இச்சொற்களைக் கணினியில் ஆங்கில எழுத்திலேயே தட்டவேண்டும். ஆனால் அட்டவணைக்கும் நிரலுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். அடைப்புக்குள் உள்ள நட்சத்திரம், நிரையில் என்ன எழுதியிருந்தாலும் சரி, வெறுமையாய் இருந்தாலும் சரி, நிரைகள் எல்லாவற்றையும் எண்ணு என்று பொருள்படும். விடை 8. எட்டு இரவல்கள். நான் மேடையில் வாசித்தது இந்தத் தொகையைத்தான்.

இப்பொழுது நட்சத்திரத்தை எடுத்துவிட்டு ஒரு நிரலின் பெயரை இடுங்கள்:

செலெக்ற் கவுண்ற்(திருப்பிய_திகதி) பிறம் இரவல்;

விடை 5. நிரலின் பெயரைச் சொன்னால், அந்நிரலில் ஏதேனும் எழுதப்பட்டிருக்கும் நிரைகளை மாத்திரமே அது எண்ணும், வெறுமையை விட்டுவிடும். ஐந்து புத்தகங்கள் திரும்பி வந்தன என்பது இதன் பொருள்.

மூன்றாவதாக:

செலெக்ற் கவுண்ற்(டிஸ்ரிங்ற் அங்கத்தவர்) பிறம் இரவல்;

விடை 4. 'டிஸ்ரிங்ற்' என்பது ஒரே பெறுமதி எத்தனை முறை வந்தாலும் ஒருமுறை மட்டும் கணக்கில் எடு என்று சொல்வது. இரண்டு, நான்கு, ஏழு, ஒன்பது ஆகிய நால்வரே புத்தகம் எடுத்தவர்கள்.

எட்டு, ஐந்து, நான்கு. ஒரே இடாப்பு; மூன்று விடைகள்; மூன்றும் மெய். எது வேண்டும் என்பதைக் கேட்பவர்தான் முன்கூட்டித் தீர்மானிக்கவேண்டும். எங்கேனும் ஓர் அறிக்கையில் ஒரு தொகையைக் கண்டால், "இது எவற்றின் எண்ணிக்கை? இரவல்களா, புத்தகங்களா, மனிதரா?" என்று கேட்டுப் பழகுங்கள். அந்தப் பழக்கம் கணினி தெரியாதவருக்கும் உதவும்.

எல்லா நிரைகளும் வேண்டாம், சில மட்டும் வேண்டுமென்றால் 'வெயர்' என்னும் சொல்லைச் சேர்த்து நிபந்தனை இடவேண்டும். இங்கே தமிழ் பேசுவோருக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆங்கிலம் வினைச்சொல்லை முன்னே வைப்பதால் 'செலெக்ற்' முதலில் எழுதப்படுகிறது. ஆனால் கேள்வியின் பொருளை விளங்கிக்கொள்ளும் ஒழுங்கு வேறு: முதலில் எந்த அட்டவணை, பின் எந்த நிபந்தனை, பின் எப்படிக் கூறுபடுத்துவது, அதன் பின்னரே எதை எடுப்பது. தமிழில் அதைச் சொல்லிப் பாருங்கள். "இரவல் இடாப்பிலிருந்து, நான்காம் அங்கத்தவருக்குரிய நிரைகளை, எண்ணித் தா." வினை ஈற்றில் வருகிறது. நம் வாக்கிய அமைப்பும் அக்கேள்வியின் உள்ளொழுங்கும் ஒன்றாகவே இருக்கின்றன. ஆகவே கேள்வியை முதலில் தமிழில் ஒரு தாளில் எழுதுங்கள். பின் அதை அம்மொழியில் அமையுங்கள். தமிழில் தெளிவாக எழுத முடியாத கேள்வியை எந்த மொழியிலும் கேட்க முடியாது.

கூறுபடுத்தி எண்ணுவதற்குக் 'குறூப் பை' என்று ஓர் ஏற்பாடு உண்டு:

செலெக்ற் அங்கத்தவர், கவுண்ற்(*) பிறம் இரவல் குறூப் பை அங்கத்தவர்;

தபாற் கந்தோரில் கடிதங்களை ஊர் ஊராகப் பிரித்து, ஒவ்வொரு கட்டிலும் எத்தனை என்று பார்ப்பது போன்றது இது. நான்காம் அங்கத்தவர் 4, ஏழாமவர் 2, இரண்டாமவர் 1, ஒன்பதாமவர் 1. கூட்டிப் பாருங்கள்; எட்டு வரும். கூறுகளின் கூட்டுத்தொகை முழுத்தொகையோடு பொருந்துகிறதா என்று எப்பொழுதும் பார்க்கவேண்டும். பழைய கணக்காளர் இதை விடமாட்டார்கள், நாமும் விடக்கூடாது.

ஆனால் சில வேளைகளிற் கூட்டுத்தொகை பொருந்தாது. அதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த வெறுமைதான். ஆங்கிலத்தில் அதை 'நல்' என்கிறார்கள். 'அங்கத்தவர்' என்னும் வேறோர் அட்டவணையிற் பத்துப் பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் எத்தனை என்று கேட்டேன், 5 என்றது. பதினெட்டும் அதற்கு மேலும் எத்தனை என்று கேட்டேன், 3 என்றது. ஐந்தும் மூன்றும் எட்டு. மிகுதி இருவர் எங்கே? அவர்கள் வயது எழுதப்படவில்லை. தெரியாத வயது பதினெட்டிலும் குறைந்ததா என்றால் 'தெரியாது' என்பதே விடை. கூடியதா என்றாலும் 'தெரியாது'. ஆகவே இரண்டு கேள்விக்கும் அவர்கள் அகப்படவில்லை. வயது, வெறுமைக்குச் சமம் என்று நிபந்தனை இட்டாலும் அகப்படார். தெரியாதது தெரியாததற்குச் சமமா என்பதும் தெரியாதல்லவா? 'இஸ் நல்', அதாவது 'வெறுமையாய் இருக்கிறதா' என்று தனியே கேட்டால்தான் அவ்விருவரும் வெளிவருவர்.

வெறுமை வேறு, பூச்சியம் வேறு. இது வெறும் கணக்கு நுணுக்கமன்று. நம் நாட்டில் முறையான குடிசனக் கணக்கெடுப்பு 1871ஆம் ஆண்டு தொடக்கம் நடைபெற்று வருகிறது. 1981க்குப் பின் இருபது வருடங்கள் நடைபெறவில்லை. 2001இல் நடைபெற்றபோது, யுத்தத்தின் காரணமாக 25 மாவட்டங்களில் 18இல் மட்டுமே அது முழுமையாக நிறைவேறியது. மீண்டும் நாடு முழுவதையும் எண்ணியது 2012இலேதான். 2001ஆம் ஆண்டின் அட்டவணையில் வடக்கின் மாவட்டங்களுக்கு நேரே நிற்கும் வெற்றிடத்தை ஒருவர் பூச்சியம் என்று வாசித்தால் என்ன பொருள்படும்? அங்கே மனிதரே வாழவில்லை என்று பொருள்படும். வாழ்ந்தார்கள், எண்ணப்படவில்லை. எண்ணப்படாதவர் இல்லாதவரல்லர். கணினியின் முன் உட்காரும் ஒவ்வொரு இளைஞனும் யுவதியும் இதை மனதில் எழுதி வைத்துக்கொள்ளவேண்டும்.

இனி அந்த ஆசிரியரின் கேள்விக்கு வருவோம். ஒரு புத்தகமும் எடுக்காதவர் எத்தனை பேர்? இரவல் இடாப்பை எவ்வளவு புரட்டினாலும் இதற்கு விடை வராது. எடுக்காதவர் பெயர் அதில் எப்படி இருக்கும்? வந்தவரின் பட்டியலில் வராதவரைத் தேட முடியாது. அதற்கு அங்கத்தவர் இடாப்பையும் இரவல் இடாப்பையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்து ஒப்பிடவேண்டும். இந்த இணைப்புக்கு 'ஜொயின்' என்று பெயர். சாதாரணமாக இணைத்தால், இரண்டிலும் உள்ளவர் மட்டுமே வருவர். எடுக்காதவர் மறுபடியும் விழுந்துபோவர். 'லெஃப்ற் ஜொயின்' என்று இணைத்தால், இடப்பக்க அட்டவணையில் உள்ள ஒருவரும் விடுபடார். வலப்பக்கத்தில் அவருக்கு ஒன்றும் இல்லையென்றால், அவ்விடம் வெறுமையாய் விடப்படும்.

நமது உதாரணத்தில், பத்து அங்கத்தவரை எட்டு இரவல்களோடு இவ்வாறு இணைத்தாற் பதினான்கு நிரைகள் வரும்: எட்டு இரவல்கள், எடுக்காத அறுவருக்கு வெறுமையோடு ஆறு நிரைகள். இங்கேயும் ஒரு பொறி உண்டு. ஒவ்வொருவருக்கும் எத்தனை இரவல் என்று நட்சத்திரம் இட்டு எண்ணினால், எடுக்காதவருக்கும் 1 என்று விடை வரும். ஏனெனில் அவர் பெயரில் ஒரு நிரை இருக்கிறது. இரவலின் தொடர் இலக்கத்தை எண்ணினால்தான் 0 என்று வரும். நட்சத்திரத்துக்கும் நிரற் பெயருக்கும் முன்னே கண்ட வேற்றுமை இங்கே நம்மைக் காப்பாற்றுகிறது. இரவல் இலக்கம் வெறுமையாய் உள்ள நிரைகளை மட்டும் கேட்டால், 1, 3, 5, 6, 8, 10 என்னும் அறுவர் வெளிவருவர்.

எங்கள் வாசிகசாலையின் மெய்யான இடாப்பிலும் இதையே செய்தேன். பட்டியல் இரண்டு தாளுக்கு மேல் நீண்டது. பெரும்பாலும் சிறுபிள்ளைகள். வாசிப்பில் விருப்பமில்லாதவர்களாக்கும் என்று முதலில் எண்ணினேன். பின்பு வேறொரு நிரலைப் பார்த்தேன்: வைப்புப் பணம் செலுத்திய திகதி. அவர்களிற் பெரும்பாலாருக்கு அது வெறுமையாய் இருந்தது. பாடசாலை மூலம் அவர்களை அங்கத்தவராகச் சேர்த்திருந்தோம். ஆனால் பணம் கட்டாதவர் வீட்டுக்குப் புத்தகம் கொண்டுபோக முடியாது என்ற விதி அப்படியே இருந்தது. பெரிய தொகையன்று. ஆயினும் கேட்க வெட்கப்பட்டு, கதவடியில் நின்று படம் பார்த்துவிட்டுப் போன பிள்ளைகள் அவர்கள். அவர்களை நான் நாள்தோறும் கண்டிருக்கிறேன், எண்ணியதில்லை.

அந்தப் பட்டியலை நிர்வாக சபையின் முன் வைத்தேன். வாதம் நடந்தது, புத்தகம் தொலைந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். அதுவும் நியாயமான கேள்வியே. வைப்புப் பணம் கட்டியவர்களும் எத்தனை புத்தகங்களைத் திருப்பவில்லை என்று அவ்விடத்திலேயே எண்ணிக் காட்டினேன். பணம் புத்தகத்தைக் காக்கவில்லை என்பது தெரிந்தது. பதினாறு வயதுக்கு உட்பட்டவருக்கு வைப்புப் பணம் வேண்டாம் என்று முடிவாயிற்று. அடுத்த பொதுக்கூட்டத்தில் நான் வாசித்த தொகை முன்னையதிலும் மிகச் சிறியது. ஆனால் அது மெய்யான மனிதரின் தொகை. அந்த ஆசிரியர் முன்வரிசையில் இருந்து தலையசைத்தார். எனக்கு அது போதுமாயிருந்தது.

கற்க விரும்பும் இளைஞருக்குச் சில வார்த்தைகள். பணம் செலவிட வேண்டியதில்லை. 'எஸ்.கியூ.லைற்' என்னும் மென்பொருளை றிச்சர்ட் ஹிப் என்பவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டு, எல்லாருக்கும் பொதுவுடைமையாக விட்டிருக்கிறார். உங்கள் கைத்தொலைபேசிக்குள்ளேயும் அதுதான் விபரங்களைச் சேர்த்துவைத்துக் கொண்டிருக்கிறது. சாதாரணக் கணினியில் அதை ஏற்றி, பத்து நிரை கொண்ட ஓர் இடாப்பை அமையுங்கள். விடையை முதலில் விரலால் எண்ணி எழுதுங்கள். பின்பு கணினியிடம் கேளுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால், ஏன் என்று கண்டுபிடிக்காமல் எழுந்து போகாதீர்கள். பத்து நிரையில் தெளியாத சந்தேகம் பத்தாயிரம் நிரையில் ஒளிந்துகொள்ளும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். 'செலெக்ற்' என்பது பார்ப்பதற்கு மட்டும். அதனால் இடாப்பு மாறாது. பயமின்றிப் பழகலாம். ஆனால் 'டிலீற்' அழிக்கும், 'அப்டேற்' மாற்றும். நிபந்தனை இடாமல் அவற்றை ஏவினால் இடாப்பு முழுவதையும் தொடும். ஆதலின் அழிக்குமுன், அதே நிபந்தனையோடு எத்தனை நிரை என்று எண்ணிப் பாருங்கள். பிரதி ஒன்றும் எடுத்து வையுங்கள். இடாப்பில் உள்ளவை மனிதரின் விபரங்கள் என்பதையும் மறவாதீர்கள். எண்ணிக்கையைச் சபையிற் சொல்லலாம். பணம் கட்டாத பிள்ளையின் பெயரைச் சபையிற் சொல்லலாகாது.

பெரியோர்களே, உங்களிடமும் ஒரு விண்ணப்பம். இந்தப் பிள்ளைகள் இனிக் கணினியில் எண்ணிய தொகைகளோடு உங்கள் முன் வருவார்கள். கணினி சொன்னது என்பதற்காக நம்பிவிடாதீர்கள். கணினி சொன்னது என்பதற்காக ஒதுக்கியும் விடாதீர்கள். பின்வரிசையிலிருந்து எழுந்து ஒரு கேள்வி கேளுங்கள். எனக்கு அக்காலத்தில் இரு பெரியவர்கள் இரு கேள்விகள் கேட்டிராவிட்டால், இன்றும் நான் பொய்த்தொகையை மெய்யென்று வாசித்துக்கொண்டிருப்பேன். அந்தப் பிள்ளைகளும் கதவடியிலேயே நின்றிருப்பார்கள்.